கலைந்ததா, கலைத்தாளா?

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம். காலனி அங்கன்வாடித் திண்ணையில் உட்கார்ந்து சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றார். உள்ளே ஒரு ஸ்கேன் படம், ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு.

“அக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க வந்து எங்க மாமியார்கிட்ட சொல்லணும்.”

சீட்டில் ‘மிஸ்டு அபார்ஷன்’ என்று இருந்தது. மூன்றாவது மாதத்தில் கரு வளராமல் நின்றுபோய், ஆனால் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டால் மருத்துவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் அது. பாலிடெக்னிக் படிக்கும் கொழுந்தன் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்திருக்கிறார். முதல் வார்த்தை புரியவில்லை. இரண்டாவது வார்த்தை ஊருக்கே தெரிந்த வார்த்தை. “அபார்ஷன்னுதான் போட்டிருக்கு” என்று அவர் சொல்ல, மாமியார் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைத்துவிட்டு வந்து, தானாகப் போனதாக நாடகம் ஆடுகிறாள் என்று எட்டு நாட்களாக வீட்டில் சோறு தண்ணி சரியாக இல்லை. திருப்பூரில் இருந்த கணவருக்கு போன் போய், அவர் லீவு போட்டுக்கொண்டு வந்து, அம்மா வீட்டுக்குப் போய்விடச் சொல்லிவிட்டார்.

நாங்கள் இரண்டு பேர் போனோம். ஒரு மணி நேரம் பேசவேண்டியிருந்தது. அந்த அம்மா கெட்டவர் இல்லை, அவரும் மூன்று பிள்ளை பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவர். கடைசியில் அவர் எங்களைப் பார்த்துக் கேட்டது இதுதான்: “தானா கலைஞ்சிருந்தா தானா கலைஞ்சதுன்னு எழுத வேண்டியதுதானே கண்ணு? ஏன் கலைச்சான்னு எழுதுறாங்க?”

அந்தக் கேள்விக்கு அன்று சரியான பதில் எங்களிடம் இல்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

ஆங்கில மருத்துவத்தில் ‘அபார்ஷன்’ என்றால், குழந்தை வெளியே வந்து பிழைக்கக்கூடிய காலத்துக்கு முன்னால் கர்ப்பம் முடிந்துபோவது. எப்படி முடிந்தது என்பது அந்த வார்த்தைக்குள் இல்லை. தானாக முடிந்தால் முன்னால் ‘ஸ்பான்டேனியஸ்’ என்று ஒரு ஒட்டு, செய்து முடித்தால் ‘இண்ட்யூஸ்டு’ என்று ஒரு ஒட்டு. அவசரத்தில் ஒட்டு விழுந்துவிடும், அபார்ஷன் மட்டும் நிற்கும். கர்ப்பிணிப் பெண்ணின் அட்டையில் மேலே ஜி-3, பி-1, எல்-1, ஏ-1 என்று ஒரு வரி எழுதுவார்களே, பார்த்திருப்பீர்கள். எத்தனையாவது கர்ப்பம், எத்தனை பிரசவம், எத்தனை பிள்ளைகள் உயிரோடு, எத்தனை அபார்ஷன். அந்தக் கடைசி ‘ஏ’ ஒரே எழுத்து. மழையில் கட்டடச் சாரத்தில் செங்கல் சுமந்து கலைந்ததும் அதில்தான், மாத்திரை போட்டுக் கலைத்ததும் அதில்தான்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. கலைந்தது என்றால் ஒன்று, கலைத்தாள் என்றால் வேறொன்று. தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தான். எழுதப் படிக்கத் தெரியாத மாமியாருக்குக்கூட அந்த ஒரு மெய்யெழுத்தின் வித்தியாசம் தெரியும். “கலைஞ்சிருச்சு” என்பதும் “கலைச்சிட்டா” என்பதும் ஒரு வீட்டில் என்னென்ன செய்யும் என்பதும் தெரியும். நம் மொழியில் இவ்வளவு துல்லியமாக இருக்கிற ஒன்றை, துல்லியத்துக்குப் பேர்போன ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அதைத் திரும்பவும் தமிழ் வீட்டுக்குள் அனுப்பும்போது ஒரு பெண்ணின் வாழ்க்கை கலைகிறது.

வேடிக்கை என்னவென்றால் சட்டத்தின் ஆங்கிலம் இதற்கு நேர் எதிர். 1860 ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312 ஆம் பிரிவு, வேண்டுமென்றே கலைப்பதைப் பற்றியது. அதில் அபார்ஷன் என்ற வார்த்தையே கிடையாது. ‘மிஸ்கேரேஜ்’ என்று எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள் தானாகக் கலைவதற்குச் சொல்லும் வார்த்தை அது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 88 ஆம் பிரிவில் அதே வார்த்தையைத்தான் வைத்துக்கொண்டது. சட்டத்துக்கு இந்திப் பெயர் வைத்தார்கள், காலனிய ஆட்சியின் அடையாளத்தை ஒழித்துவிட்டோம் என்றார்கள். உள்ளே 1860 இன் ஆங்கிலம் அப்படியே குந்தியிருக்கிறது. ஆக, தானாகக் கலைந்ததை ஆஸ்பத்திரி அபார்ஷன் என்று எழுதும், வேண்டுமென்று கலைத்ததைப் போலீஸ் மிஸ்கேரேஜ் என்று எழுதும். நடுவில் நிற்பவள் இரண்டையும் படிக்க முடியாதவள்.

பிரிட்டனில் 1980களிலேயே மருத்துவர்கள் இதை யோசித்துவிட்டார்கள். பிள்ளையை இழந்து அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் அபார்ஷன் என்று சொல்வது காயப்படுத்துகிறது என்று, தானாகக் கலைவதற்கு மிஸ்கேரேஜ் என்ற சொல்லுக்கு மாறினார்கள். நம் ஊர் அட்டையில் ‘ஏ’ இன்னும் ‘ஏ’ தான்.

அந்தப் பழைய சட்டத்தில் எங்களுக்குப் பிடித்த ஒரு வார்த்தையும் உண்டு. ‘குயிக் வித் சைல்டு’. அங்கே குயிக் என்றால் வேகம் இல்லை, உயிர்த்துடிப்பு. பிள்ளை வயிற்றில் அசைவதைத் தாய் உணரத் தொடங்கிவிட்ட நிலை. அசைவு தெரிவதற்கு முன், தெரிந்த பின் என்று இரண்டாகப் பிரித்து, பின்னதற்குத் தண்டனையை ஏழு ஆண்டுவரை கூட்டினார்கள். தண்டனை இருக்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: அசைவு தெரிந்துவிட்டதா என்பதை யார் சொல்ல முடியும்? அவள் மட்டும்தான். ஆங்கிலச் சட்டத்தின் அத்தனை வார்த்தைகளிலும், பெண்ணின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லாத வார்த்தை இது ஒன்றாகத்தான் இருக்கும். ஸ்கேன் வந்தபிறகு அதுவும் போயிற்று. இப்போது அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் திரைக்குத் தெரிகிறது, திரை சொல்வது ஆங்கிலத்தில் இருக்கிறது.

எங்கள் தெருக்களில் கர்ப்பத்தைச் சொல்லும் வார்த்தைகளை ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். முழுகாம இருக்கா, மாசமா இருக்கா, வாயும் வயிறுமா இருக்கா, புள்ளத்தாச்சி. எல்லாமே பெண்ணைப் பற்றியவை. உள்ளே இருப்பதற்கென்று தனியாக ஒரு பெயர் இல்லை. மிஞ்சிப்போனால் “வயித்துல இருக்கிறது”. ஆங்கிலத்தில் அதற்குத்தான் எத்தனை பெயர்! கரு உருவாகி முதல் எட்டு வாரம் எம்ப்ரியோ, பிறகு ஃபீட்டஸ். கலைந்தால் ப்ராடக்ட்ஸ் ஆஃப் கன்செப்ஷன், அதாவது கருத்தரிப்பின் விளைபொருட்கள். பை மட்டும் இருந்து கரு இல்லாவிட்டால் பிளைட்டட் ஓவம். பிளைட் என்பது பயிருக்கு வரும் நோய். நெல் குலைநோய் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இழந்தவளின் அட்டையில் பி.ஓ.எச். என்று சிவப்பு மையில் எழுதுவார்கள், பேட் ஆப்ஸ்டெட்ரிக் ஹிஸ்டரி. மோசமான மகப்பேற்று வரலாறு. வரலாறு மோசமாக இருப்பதற்கு ஐந்தாம் மாதம்வரை செங்கல் சூளையில் மண் மிதித்தது காரணமா, இரத்தசோகை காரணமா என்று எழுத அட்டையில் இடமில்லை.

இதே அட்டைகளில் இன்னொரு முத்திரையும் உண்டு. பிரெஷியஸ் பிரெக்னென்சி. விலைமதிப்பற்ற கர்ப்பம். பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்து உண்டானவர்களுக்கு, சிகிச்சையில் உண்டானவர்களுக்கு, கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்காக மருத்துவர்கள் எழுதுவது. எழுதுகிறவர்களின் எண்ணத்தில் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு கர்ப்பத்துக்கு விலைமதிப்பற்றது என்று எழுதிவிட்டால், பக்கத்துக் கட்டிலில் எழுதப்படாமல் கிடப்பது என்ன விலை? நாங்கள் எத்தனையோ அட்டைகளைப் படித்துக் காட்டியிருக்கிறோம். எங்கள் காலனிப் பெண்களின் நாலாவது கர்ப்பத்தில் அந்த வார்த்தையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. “வருஷத்துக்கு ஒண்ணு பெத்துக்கிட்டு வந்துருங்க” என்பதை வாய்மொழியாகக் கேட்டிருக்கிறோம்.

வார்த்தை காயப்படுத்துகிறது என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. வார்த்தை பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் உதவும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கே இது தெரிவதில்லை.

1969 ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைப் பாருங்கள். தாயின் உடலிலிருந்து முழுமையாக வெளிவந்த விளைபொருள் (அங்கேயும் அதே வார்த்தைதான்) மூச்சு விட்டாலோ, உயிர் இருப்பதற்கான வேறு எந்த அறிகுறி தெரிந்தாலோ அது உயிர்ப்பிறப்பு. அப்படி எதுவும் இல்லாமல், கர்ப்பம் 28 வாரம் முடிந்திருந்தால் அது செத்துப் பிறப்பு, ஸ்டில் பர்த். இறப்பு என்பதற்குச் சட்டம் தரும் பொருள், உயிர்ப்பிறப்புக்குப் பிறகு உயிர்க்குறிகள் நிரந்தரமாக மறைவது. அதாவது செத்துப் பிறந்த குழந்தை, சட்டத்தின்படி ‘இறக்கவே’ இல்லை. பிறப்பு என்று பதிவாகும், இறப்பு என்று ஆகாது. சிசு மரண விகிதத்தில் அது சேராது. இரண்டு நிமிடம் மூச்சுவிட்டு அடங்கிய குழந்தையை ஸ்டில் பர்த் என்று எழுதிவிட்டால் மாவட்டத்தின் கணக்கு சுத்தமாக இருக்கும்.

அதற்குள்ளேயும் ஒரு பிரிவு இருக்கிறது. ஃப்ரெஷ், மாசரேட்டட். தோல் கெடாமல் இருந்தால் ஃப்ரெஷ்: பிரசவ வலி வந்த பிறகு, பெரும்பாலும் மருத்துவமனையின் பொறுப்பில் இருக்கும்போது, உயிர் போயிருக்கிறது என்று பொருள். தோல் ஊறி உரிந்திருந்தால் மாசரேட்டட்: முன்பே வயிற்றுக்குள் இறந்து பல மணி நேரம் ஆகிவிட்டது. முதலாவதற்குக் கேள்வி வரும். ஏன் தாமதம், டாக்டர் எங்கே, ஏன் முன்பே மேல்மருத்துவமனைக்கு அனுப்பவில்லை. இரண்டாவதற்கு, வரும்போதே அப்படித்தான் வந்தது.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் வந்த ஒரு வழக்கு. நிறைமாதம். இரவு பதினோரு மணிக்கு வலி என்று போனவர்களை வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். விடியும்வரை பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தது என்கிறார் தாய். காலையில் 108 இல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது துடிப்பு இல்லை. முதல் ஆஸ்பத்திரியின் சீட்டில் ஐ.யு.டி. என்று இருந்தது, கருப்பைக்குள் மரணம். இரண்டாவது ஆஸ்பத்திரியின் பதிவில் மாசரேட்டட். எங்களில் ஒருவர் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பாட்டியிடம் போய்க் கேட்டார்: “புள்ளையக் குளிப்பாட்டினது யாரு ஆயா?”

“நாந்தான்.”

“தோலு எப்படி இருந்துச்சு?”

“வெண்ணெய் மாதிரி இருந்துச்சும்மா. ஒரு கீறல் இல்ல. தூங்குற மாதிரி இருந்தான்.”

அந்த ஆயாவின் சாட்சி எந்தப் படிவத்திலும் இல்லை. படிவத்தில் இருப்பது ஒரு ஆங்கில வார்த்தை. நாங்கள் கொடுத்த மனு இன்னும் மேசை மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் கற்றுக்கொண்டோம்: கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று 2002 ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது. கேளுங்கள். அடக்கம் செய்யும் முன் பிள்ளையைப் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கேட்கவே கொடுமையாக இருக்கும், தெரியும்.

பிறக்காத பிள்ளைக்கு ஆங்கிலம் வைத்த பெயர்களில் எங்களை உலுக்கிய ஒன்று அமெரிக்காவில் இருந்து வந்தது. அடிமை முறை இருந்த காலத்தில் அங்குள்ள முதலாளிகள் எழுதிவைத்த உயில்களில் ‘இன்க்ரீஸ்’ என்று ஒரு சொல் வரும். பெருக்கம். இந்த அடிமைப் பெண் என் மூத்த மகனுக்கு, இவளுடைய வருங்காலப் பெருக்கம் என் மகளுக்கு என்று பிரித்து எழுதுவார்கள். அவள் அப்போது கர்ப்பமாகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஆடு மாடுகளின் ஈற்றுக்கும் அதே வார்த்தைதான். 1662 இல் வர்ஜீனியாவில் போட்ட சட்டம், பிள்ளை அடிமையா சுதந்திரமானவனா என்பது தாயைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டது. தகப்பன் முதலாளியே ஆனாலும் பிள்ளை அவனுக்குச் சொத்து.

அமெரிக்காதானே என்று தள்ளிவிட முடியாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு அடிமையாக விற்கப்பட்டவர்கள் தங்கள் சந்ததியோடு சேர்த்தே விற்கப்பட்டிருக்கிறார்கள். பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து, நீ எனக்கு அடிமை என்கிறார். ஓலையில் கையெழுத்துப் போட்டவர் பாட்டன், கட்டுப்பட்டவன் பேரன். அந்தச் சபையில் எது அதிசயமாக இருந்தது என்று பாருங்கள். பிறக்காத பேரனைப் பாட்டன் எழுதிக் கொடுக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது உண்டா என்பதுதான் கேள்வி. மற்றவர்களின் வயிற்றில் இருப்பது ஓலையில் எழுதப்படுவது அன்றைக்கு ஊரறிந்த வழக்கம் என்றுதானே அர்த்தம்? பக்திச் சொற்பொழிவுகளில் இந்த இடத்தை யாரும் நின்று விளக்கி நாங்கள் கேட்டதில்லை.

இந்தப் பின்னணியில்தான் ‘அன்பார்ன் சைல்டு’ என்ற வார்த்தையை நாங்கள் சந்தேகத்தோடு பார்க்கிறோம். பிறக்காத குழந்தை. கேட்க மென்மையாக இருக்கிறது. ஃபீட்டஸ் என்று சொல்வதைவிட மனிதத்தன்மையோடு இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தை சட்டத்துக்குள் நுழைந்த இடத்திலெல்லாம் தாய் வெளியே தள்ளப்பட்டிருக்கிறாள்.

அயர்லாந்தில் 1983 இல் அரசியலமைப்பைத் திருத்தி ‘தி அன்பார்ன்’ என்று எழுதினார்கள். பிறக்காதது. குழந்தை என்றுகூட இல்லை, வெறும் பெயரடை, ஆனால் தாய்க்குச் சமமான உயிர் உரிமை. 2012 அக்டோபரில் கால்வே நகரில், பெலகாவியைச் சேர்ந்த சவிதா ஹாலப்பனவர் என்ற பல் மருத்துவர் 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கி மருத்துவமனைக்குப் போனார். பிள்ளை பிழைக்காது என்று மருத்துவர்களே சொன்னார்கள். அப்படியானால் முடித்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் துடிப்பு இருக்கும்வரை முடியாது என்றார்கள். துடிப்பு நிற்கும்வரை காத்திருந்த நாட்களில் கிருமி இரத்தத்தில் பரவியது. அக்டோபர் 28 அன்று சவிதா இறந்தார், வயது 31. அந்தத் திருத்தத்தை அயர்லாந்து மக்கள் 2018 மே மாத வாக்கெடுப்பில், மூன்றில் இரண்டு பங்கு பேர் வாக்களித்து நீக்கினார்கள்.

அமெரிக்காவில் அதே காலத்தில் எதிர்த்திசையில் ஓட்டம். 2021 செப்டம்பரில் டெக்சாஸில் ‘ஹார்ட்பீட்’ சட்டம் வந்தது. ஆறு வாரத்தில் கேட்கும் அந்தத் துடிப்பின்போது இதயம் என்ற உறுப்பு முழுதாக உருவாகியிருக்காது என்று மருத்துவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அந்த ஆறு வாரமும் கடைசியாகக் குளித்த நாளிலிருந்து எண்ணுவது. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். சீரற்ற மாதவிலக்கு உள்ளவளுக்கு அப்போது தெரிந்தே இருக்காது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரோ எதிர் வேட் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. 2024 பிப்ரவரியில் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம், ஐ.வி.எஃப். மருத்துவமனையின் உறைகுப்பியில் இருந்த கருக்களைக் கருப்பைக்கு வெளியே இருக்கும் குழந்தைகள் என்று அழைத்தது. குழந்தை என்று பெயர் வைக்க இப்போது வயிறே தேவையில்லை.

கறுப்பினப் பெண்களை நோக்கி இந்த வார்த்தைகள் எப்படித் திரும்பின என்பதும் நமக்குப் பாடம். 2010 இல் அட்லாண்டாவில், கறுப்பினக் குழந்தைகள் அழிந்துவரும் உயிரினம் என்று விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க்கில், கறுப்பினத்தவருக்கு மிக ஆபத்தான இடம் கருப்பைதான் என்று இன்னொன்று. இருநூறு வருடத்துக்கு மேல் அவர்கள் பிள்ளைகளைப் பெருக்கம் என்று எழுதியது ஒரு சமூகம். அதே சமூகத்தில் இருந்து ஒரு கூட்டம், தாயைக் கொலைகாரி ஆக்கியாவது அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றக் கிளம்பியது! இதற்கு முன்பே 1994 இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் வேறொரு சொல்லை உருவாக்கியிருந்தார்கள்: ரிப்ரொடக்டிவ் ஜஸ்டிஸ், இனப்பெருக்க நீதி. பெறாமல் இருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்றதைப் பாதுகாப்பாக வளர்க்கும் உரிமை, மூன்றும் சேர்ந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் முதலில் ஏற்றப்பட்டவர்கள் யார், பிரசவ வார்டில் கடைசியில் பார்க்கப்படுபவர்கள் யார் என்று தெரிந்த நமக்கு அந்தச் சொல் அந்நியம் இல்லை.

நம் நாட்டின் 1971 ஆம் ஆண்டு எம்.டி.பி. சட்டத்துக்குக் குறைகள் ஆயிரம் உண்டு. டாக்டர் சம்மதித்தால்தான் நடக்கும், பெண் கேட்டால் மட்டும் நடக்காது. ஆனால் அதன் பெயரைப் பாருங்கள்: கர்ப்பத்தை முடித்தல். கர்ப்பம் என்பது பெண்ணின் நிலை. குழந்தை என்ற சொல் முக்கியமான ஓர் இடத்தில் வருகிறது, அங்கேயும் ‘குழந்தை பிறந்தால்’ அதற்குக் கடும் குறைபாடு இருக்குமா என்ற நிபந்தனையோடு. 2021 திருத்தத்தில் ‘திருமணமான பெண், கணவர்’ என்று இருந்ததை ‘பெண், அவரது துணைவர்’ என்று மாற்றினார்கள். இரண்டு வார்த்தை மாற்றம். அதைப் பிடித்துக்கொண்டுதான் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்களுக்கும் 24 வாரம்வரை உரிமை உண்டு என்றது. அடுத்த ஆண்டே, 2023 அக்டோபரில், 26 வார வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றத்தில் கருவின் இதயத் துடிப்பும் பிறக்காத குழந்தையின் உரிமையும் விவாதத்துக்கு வந்தன. அனுமதி மறுக்கப்பட்டது. டெக்சாஸ் வார்த்தைகள் டில்லிக்கு வர விசா தேவைப்படவில்லை.

நம் பக்கத்துத் தவறும் உண்டு. பெண் கருக்கொலை, பெண் கருக்கொலை என்று முப்பது வருடமாக நாமே சுவரில் எழுதினோம். பாலினம் பார்த்துக் கலைப்பதை எதிர்க்கத்தான் எழுதினோம். ஆனால் கலைப்பது கொலை என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நாமும் இருக்கிறோம். அந்த மாமியாரின் கோபத்தில் எங்கள் சுவரெழுத்துக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பாலினத் தேர்வு என்று சொன்னால் போதும். குற்றம் தேர்வில்தான் இருக்கிறது.

பழைய நம் தலைவர்கள் இதில் கவனமாக இருந்தார்கள். 1928 இல் பம்பாய் சட்ட மன்றத்தில் மகப்பேறு நலச் சட்டத்தை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்றுதான் வாதாடினார். 1938 இல் அவர் தயாரித்து பி.ஜே. ரோஹம் முன்வைத்த கருத்தடைத் தீர்மானமும் தோற்றுப்போனது. பெரியார் ‘கர்ப்பத்தடை’ என்றே எழுதினார். மற்றவர்கள் நாட்டு நலனுக்காக, குடும்பச் சொத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்றபோது, பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். இருவர் பேச்சிலும் எழுவாய் பெண்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எங்களுக்குள் இன்னும் தீராத ஒரு சண்டையையும் சொல்லவேண்டும். பயிற்சிகளில் ‘கரு’ என்று மட்டுமே சொல்லவேண்டும், ‘பிள்ளை’, ‘பாப்பா’ என்று சொல்லக்கூடாது என்று எங்களில் ஒருவர் உறுதியாக இருந்தார். காரணம் மேலே சொன்ன எல்லாமும்தான். அவர் சொன்னது சரி என்றே நாங்களும் நினைத்தோம். ஒரு கூட்டத்தில், ஏழாம் மாதத்தில் இழந்த ஒரு பெண்ணிடம் “கரு எந்த மாசத்துல கலைஞ்சது?” என்று படிவத்தில் உள்ளபடி கேட்டோம். அவர் எழுந்துவிட்டார். “கருவா? நான் அவளுக்குப் பேரு வச்சிருந்தேன். ஆஸ்பத்திரியில வேஸ்ட்டுன்னு எடுத்துப் போனாங்க, நீங்க கருங்கிறீங்க. அவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

அதன்பிறகு படிவத்தை மாற்றினோம். முதல் கேள்வி, “நீங்க எப்படிச் சொல்றீங்க?” அவர் பிள்ளை என்றால் கடைசிவரை பிள்ளை. கரு என்றால் கரு. அந்த விஷயம் என்றால் அந்த விஷயம். அந்தத் தோழர் இதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஒவ்வொருத்தியும் பிள்ளை என்று சொல்லச் சொல்ல, கலைக்க விரும்புகிறவள் வாய் திறக்கவே பயப்படுவாள் என்கிறார். அதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆவணத்தில் வேறு விதி வைத்திருக்கிறோம். சட்டத்திலும் மனுவிலும் கரு, கர்ப்பம், செத்துப் பிறப்பு என்று அளந்த வார்த்தைகள் மட்டும். துக்கத்தின் வார்த்தை அவளுடையது, அதைத் தண்டனைப் பிரிவில் கொண்டுபோய் எழுத யாருக்கும் உரிமை இல்லை.

சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்துக்குக் கீழே ஒரு வரி தமிழ். ‘கரு தானாகக் கலைந்தது’. ‘குழந்தை பிறந்த பின் இறந்தது’. அட்டையில் ‘ஏ’ வுக்கு இரண்டு கட்டம். செத்துப் பிறந்தால் ஃப்ரெஷ்ஷா மாசரேட்டடா என்பதைக் குடும்பத்துக்குத் தமிழில் சொல்லிக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். மாவட்ட அளவில் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். மற்ற மாவட்டத் தோழர்கள் கேட்டால் நகல் அனுப்புகிறோம்.

அந்தப் பெண் கணவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கணவர் திருப்பூருக்கு. இந்தத் தையில் மறுபடி மாசமாக இருக்கிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாங்கள்தான் கூட்டிப்போனோம், மாமியாரும் வந்தார். நர்ஸம்மா அட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்: “இதுக்கு முன்னாடி அபார்ஷன் ஏதாவது உண்டா?”

அவர் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “அபார்ஷன் எல்லாம் இல்லம்மா. தானா கலைஞ்சது.”

நர்ஸம்மா “சரி சரி” என்று தலையாட்டிவிட்டு ஏ-1 என்று எழுதினார்.